குழாய் வரிசைக்கு அந்தப் பக்கம்

தெருவே அவளை ஸ்பானர் அக்கா என்றுதான் கூப்பிட்டது. மேடையோ சாரமோ, அவள் முறுக்கிய போல்ட் பிறகு அசையாது.

எதிரே மைதானத்தில் பாட்டுக் கச்சேரி வைத்தால் தெருவில் ஜன்னல்கள் தடதடக்கும். தெருக்காரர்கள் சண்டை பிடித்ததில், தெருவுக்கும் மைதானத்துக்கும் நடுவே வரிசை வரிசையாக இரும்புக் குழாய்களை நட ஏற்பாடானது. கணக்கான இடைவெளியில் மாற்றி மாற்றி நட்டால் டிரம்ஸின் அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதி அடங்கிவிடுமாம். வேலை அவளுக்கே வந்தது.

குழாய்களை நட்டு, அடியில் போல்ட் முறுக்கி முடித்ததும் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். கை போனது, தோள் போகவில்லை.

"சார், இந்தப் பக்கம் ஆள் வெளிய வர வழியே இல்லையே?"

"வழி விட்டா சத்தமும் அது வழியா வந்துடும்மா. அந்தப் பக்கம்தான் பெரிய கேட் இருக்கே," என்றார் இன்ஜினியர்.

சரிதான் என்று தலையாட்டினாள். கிளம்பும் முன் இன்னொரு இடைவெளியிலும் தோளை நுழைத்துப் பார்த்தாள்.

முதல் கச்சேரிக்குத் தங்கை சீவிச் சிங்காரித்துக் கிளம்பினாள். பொழுது சாயும் நேரம் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் அசையவில்லை. கீச்சென்று மெல்லிய ஓசை மட்டும் மிதந்து வந்தது.

"உன் குழாய் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றான் கணவன். "அந்தப் பொண்ணு என்னமா உச்சத்துல பாடுறா பாரு!"

அவள் கை அப்படியே நின்றது. பாடுகிறவன் ஆண் என்று தங்கை காலையிலிருந்து பீற்றிக்கொண்டிருந்தாளே.

"அது பாட்டு இல்லைங்க."

ஸ்பானரோடு ஓடினாள். கேட் பக்கம் ஜெனரேட்டர் பற்றி எரிய, கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. குழாய்களுக்கு நடுவே கைகள் மட்டும் நீண்டு துழாவின. மண்டியிட்டு போல்ட்டுகளைத் திருகினாள். தானே முறுக்கியவை, லேசில் விடுமா? உள்ளங்கை கிழிந்தது. தெருக்காரர்கள் குழாய்களைப் பிடுங்கியெறிய, ஜனம் அணை உடைந்த மாதிரி கொட்டியது. தங்கை வெறுங்காலோடு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குழாயோடு நசுங்கிக் கிடந்த பெரியவர் ஒருவருக்கு மூச்சு திரும்பவே இல்லை.

அடுத்த கச்சேரிக்கு அகலமாய் வழி விட்டுக் குழாய்களை நட்டார்கள். பாட்டு தொடங்கும் நேரம் பார்க்கப் போனாள். வழி முழுக்கப் பலகையும் பழைய மெத்தையும் அடைத்துக் கம்பி கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றாள்.

"குழந்தை இப்பதான் கண்ணசந்துச்சு அக்கா. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்."

உள்ளே ஆயிரம் பேர் கைதட்டினார்கள். அக்கா கம்பியை அறுக்கத் தொடங்கினாள். அவள் பின்னால் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உதவிக்கு ஒருவரும் இறங்கி வரவில்லை.