முறிந்த போல்ட்டும் சொல்லாத சாட்சியும்

மிராசுதாரின் காரை அன்று காலை இரண்டு உழவு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. ஒரத்தநாடு சாலையில் இருந்த என் பட்டறை வாசலில் மாடுகளை அவிழ்த்தபோது அவற்றின் வாயில் நுரை தள்ளியிருந்தது. டிரைவர் தலை குனிந்தபடி வந்தார். "வாட்டர் பம்ப கழட்டலாம்னு பாத்தேங்க. ரெண்டு போல்ட்டு முறிஞ்சு போச்சு" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பழைய என்ஜின். வருஷக்கணக்காக ரேடியேட்டரில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பம்பைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் துருவேறி, வார்ப்பிரும்போடு ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. மனிதர் ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கியிருக்கிறார். இரண்டு போல்ட்டுகள் கழுத்தோடு போய்விட்டன.

இந்த மாதிரி வேலைக்கு என்னிடம் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். ஆட்சி மாறிய புதிது அது. கூலி உயரும் என்று மேடையில் பேசினார்கள். வயலில் அரிவாளும் தடியும்தான் பேசின. அறுவடைக்கு அறுவடை யாராவது ஒருவர் தலையில் துண்டைச் சுற்றி, ரத்தம் ஒழுக, கட்டை வண்டியில் எங்கள் பட்டறையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். வெல்டருடைய ஊரில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்கு இதே மிராசுதாரின் ஆட்கள் அவர்கள் குடிசையைக் கொளுத்தினார்கள். காய்ச்சலில் படுத்திருந்த அவருடைய அக்கா வெளியே வரவில்லை. உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று கொளுத்தியவர்கள் சொன்னார்கள். வழக்கு அதோடு முடிந்தது. இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அவர் போல்ட்டோடு சண்டை போட மாட்டார். முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். சின்னச் சுத்தியலால் தலையில் விடாமல் தட்டினார். முறியாத இரண்டையும் சுற்றிச் சூடேற்றி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, அரைமணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார். பம்பைத் தட்டிக் கழற்றியதும் முறிந்த இரண்டின் அடிக்கட்டைகளும் விரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டு தெரிந்தன. ஒன்றின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியே பற்றவைத்தார். சிவப்பு அடங்குவதற்குள் ஸ்பானர் போட்டார். கிறீச்சென்று ஒரு சத்தம். கால் சுற்று நகர்ந்தது.

அப்போதுதான் மிராசுதாரின் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். நில விவகாரம், ஆள் விவகாரம் எல்லாம் அவர் பொறுப்பு; அந்தத் தீ வழக்கிலும் அவர் பெயர் இருந்தது. வெல்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முதல் கட்டையைத் திருகி எடுத்துக் கீழே போட்டுவிட்டு, டார்ச்சை அணைக்காமலே இரண்டாவதுக்கு நட்டை எடுக்கக் குந்தினார்.

"ஏண்டா, ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு நேரமா? அய்யா கும்மோணம் போவணும்ல" என்று காரியஸ்தர் குந்தியிருந்தவரின் முதுகில் செருப்புக் காலால் உதைத்தார். வெல்டரின் நெற்றி மட்கார்டில் மோதியது. "எந்த ஊருடா நீ?"

வெல்டர் எழுந்து திரும்பினார். ஊர்ப் பெயரைச் சொன்னார். அக்காவின் பெயரையும் சொன்னார். கையில் டார்ச்சின் நீலச் சுவாலை சீறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் காரியஸ்தரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, சுவாலையை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். மீசை பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது.

"உள்ள ஆளு இருக்குன்னு அன்னைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதை மட்டும் சொல்லு."

"விடுடா..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்டா! தெரியும்! முனகுனது கேட்டுச்சு!"

சுவாலை இன்னும் நெருங்கியது. நான் ஓடிப்போய் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினேன். டப்பென்று அணைந்தது. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. காரியஸ்தர் தரையில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து வெல்டரின் வலது கையில் அடித்தார். விழுந்தவரின் அதே கையைத் தரையில் வைத்து மறுபடி அடித்தார். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. வாசலில் நின்ற டிரைவர்தான் ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தார். வெல்டரின் கையில் விரல்கள் விரல்களாக இல்லை.

புகார் ஆனது. கை உடைந்தது ஒரு வழக்கு. பழைய தீ வழக்கையும் மறுபடி எடுத்தார்கள். சாட்சி இரண்டு பேர், நானும் டிரைவரும். விசாரணைக்கு முதல் நாள் நான்கு பேர் பட்டறைக்கு வந்தார்கள். பேசாமல், அங்கே நின்ற வண்டிகளின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். போகும்போது ஒருவன் மட்டும், "பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு தெரியும்" என்றான். என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

தஞ்சாவூர் கோர்ட்டில், அடித்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அதற்கு முன்னால் என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "கேஸ் வெல்டிங் சத்தத்துல எனக்குக் கேக்கலைங்க" என்றேன். அடுத்து டிரைவர் ஏறினார். மிராசுதாரின் சம்பளம் வாங்கும் மனிதர். "பட்டறக்காரரு பக்கத்துல நின்னாரு. நான் வாசல்ல நின்னேன். எனக்கே கேட்டுச்சுங்க" என்று ஆரம்பித்து, வார்த்தை மாறாமல் சொன்னார். அன்றே வேலை போனது. காரியஸ்தருக்குக் கையை உடைத்ததற்கு மட்டும் தண்டனை கிடைத்தது. மிரட்டி வாங்கிய ஒரு வார்த்தை, அதையும் கேட்ட சாட்சி ஒருவர்தான் என்று தீ வழக்கு விழுந்துவிட்டது.

வெல்டர் தன் சாமான்களை எடுக்க வந்தார். "வால்வ மூடுனீங்க. நான் கொலகாரனாவாம போனேன், அது சரிண்ணே" என்றார். சாமான் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அவரும் டிரைவரும் சேர்ந்து சீர்காழியில் பட்டறை போட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வழியாகப் பஸ்ஸில் பல தடவை போயிருக்கிறேன், இறங்கியதில்லை. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வெளியூர் போன மறுவாரம் இறங்கினேன். டிரைவர் அடையாளம் கண்டு டீ வாங்கிவரப் போனார். வெல்டர் ஒரு டிராக்டருக்கு அடியில், இடது கையால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"காது இப்ப கேக்குதாண்ணே?"

"அன்னைக்கே கேட்டுச்சு."

"தெரியும்" என்றார். இடது கையை வேட்டியில் துடைத்தபடி, "அதைக் கோர்ட்டுல போயி சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு?"

காரியஸ்தர் செத்து அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெல்டருக்கும் அது தெரியும். டீ வந்தது. மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். பிறகு வெல்டர் டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். நான் பஸ் ஏறினேன்.