கவுன்டர் கட்டில்

எங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் காற்றாடியைப் போடப் போகும்போது என் விரல் சுவிட்சின் மேல் ஒரு கணம் நிற்கும். "வேணாம் மாப்ள" என்று ஒரு குரல் வருமா என்று காத்திருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் மாமனார். இப்போது இல்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. விரலுக்கு உண்டு போலிருக்கிறது.

மாமா வாழ்நாளெல்லாம் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டியவர். நுரையீரலைப் பாதி சிகரெட்டுக்கும் பாதி டீசலுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார். அத்தை போன பிறகும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிள்ளானில் தனியாகத்தான் இருந்தார். மகள் வீட்டில் போய் உட்காருவது, ஓடுகிற லோரியில் உதவியாளர் சீட்டில் உட்காருவது மாதிரி என்பது அவர் கருத்து. ஒரு நாள் மூச்சு பிடித்துக்கொள்ள, அக்கம்பக்கத்தார் அங்குள்ள அரசாங்க மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. லீவு கிடைக்காது. நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எழுதுகிறவனுக்கு வேலை இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம். எனவே கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது.

வார்டு நிரம்பி வழிந்தது. மாமாவுக்கு நடைபாதையில் கேன்வாஸ் கட்டில். சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் அவர் காலை மடக்க வேண்டும், நான் எழுந்து சுவரோடு சுவராக நிற்க வேண்டும். தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். அவருக்கு அடுத்த கேன்வாஸ் கட்டிலில் தெலுக் பங்லிமா காராங்கைச் சேர்ந்த ஒருவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல்காரர். மாமாவைவிடச் சின்னவர், மாமாவைவிடப் பலமாக இருமுவார். இருவரும் ஒரே நாளில் சிநேகிதமாகிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு மாமா லோரி கொண்டு போயிருக்கிறாராம். "கேட்டுல என்னை ஒரு மணி நேரம் காக்க வெச்ச ஆளு நீதானாடா?" என்று மாமா கேட்க, "ஆமாண்ணே, நீங்கதான் ஹார்ன் அடிச்சே கொன்ன ஆளா?" என்று அவர் கேட்க, இருவரும் சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது.

அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட தாதி நம்மவர். ஐம்பதை நெருங்கிய, கால் வலியை ஒளித்து நடக்கிற பெண். தன்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள் என்றும், அவர்கள் விட்டுப் போன நோயாளிகள் எல்லாம் தன்னிடம்தான் இருக்கிறார்கள் என்றும் ஒரு முறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முதல் நாள் மதியம், கவுன்டரில் அவர் ஒரு நிமிடம் உட்கார்ந்ததைப் பார்த்து, பேச்சுக் கொடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"இன்னிக்குக் கொஞ்சம் அமைதியா இருக்கு போல, மிஸ்ஸி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணே! அந்த வார்த்தைய வார்டுல சொல்லலாமா? டூட்டில நாங்களே சொல்ல மாட்டோம் லா!"

நான் சிரித்தேன். அவர் எழுந்து நிற்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தள்ளுகட்டில் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு ஓடினார். அன்றிலிருந்து அந்த வார்டில் எது நடந்தாலும் அது என் கணக்கில் சேர்ந்தது.

அந்த வார்டுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. இது தாதிகளுடையது அல்ல; நோயாளிகளுடையது. கவுன்டரை ஒட்டினாற்போல ஒரு கட்டில். அதில் படுத்தவர் எழுந்து நடந்து போனதைப் பார்த்தவர் இல்லை என்பது பேச்சு. மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் பார்க்காமல் கழிப்பறைக்குச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு சீனக் கிழவர் அங்கே போடுவதானால் வீட்டுக்கே போகிறேன் என்று செருப்பை மாட்டினாராம். நம்மவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாட்டின் ஒற்றுமைக்காக எடுக்கப்படும் விளம்பரங்களெல்லாம் சாதிக்காததை அந்த ஒற்றைக் கட்டில் சாதித்திருந்தது.

அந்தக் கட்டில் ஒரு காலையில் காலியானது. தாதி எங்களிடம் வந்தார்.

"அங்கிள், உங்களுக்குக் கட்டில் கெடச்சிருச்சு. சுவத்துலயே ஆக்சிஜன் இருக்கு. வாங்க, மாத்திடலாம்."

மாமா எட்டிப் பார்த்தார். "எது, அதா? வேணாம் மிஸ்ஸி. நான் இங்கயே சொகமா இருக்கேன்." சாப்பாட்டு வண்டிக்காகக் காலை மடக்கிக்கொண்டே அதைச் சொன்னார்.

அவருக்கு அந்தச் சுவர் ஆக்சிஜன் தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வற்புறுத்த வேண்டியது மருமகன் கடமை. நானோ படித்தவன், பகுத்தறிவு பேசிப் பேசிக் கூட்டங்களில் கைதட்டு வாங்கியவன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்க ஆரம்பித்தேன்.

"மாமா, யோசிச்சுப் பாருங்க. அந்தக் கட்டில்ல படுக்கறதால யாரும் சாகல. இங்க மிஸ்ஸிங்க கம்மி. எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்க முடியாது. அதனால ரொம்ப முடியாதவங்களத்தான் அங்க போடுறாங்க, கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னு. முடியாதவங்க கொஞ்சம் பேரு போயிடறாங்க. பழி கட்டிலுக்கு வருது. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கு ரொம்ப முடியல. அதத்தான சொல்ல வறீங்க மாப்ள?"

பேய்க்குப் பயந்துகொண்டிருந்தவரை டாக்டருக்குப் பயப்பட வைத்துவிட்டேன். தாதி என்னைப் பார்த்த பார்வை, டிரிப் குழாயை மிதித்துக்கொண்டு நிற்பவனைப் பார்க்கிற பார்வை.

அடுத்த கட்டிலில் ஜாகா எழுந்து உட்கார்ந்தார். "மிஸ்ஸி, அண்ணன் வேணாம்னா நான் போறேன். அந்தக் கட்டிலுக்கு நேர் மேல ஃபேன் இருக்கு. இங்க வேர்த்தே செத்துருவேன் லா."

"உனக்குப் பயமா இல்லியாடா?" என்றார் மாமா.

"ராத்திரி எல்லாம் சுடுகாட்டுப் பக்கத்து ஃபேக்டரில காவல் இருந்தவன்ணே நான். காத்து வந்தா போதும்."

தாதி டாக்டரிடம் கேட்டார். ஜாகாவின் நிலைமையும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சரி என்றார் டாக்டர். சக்கர நாற்காலியில் போகும்போது அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். "அண்ணே, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். உள்ளே பலர் போனார்கள், மெதுவாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். காற்றாடியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பச்சைத் திரை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. நடைபாதையிலிருந்து மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பாட்டு வண்டி வந்தபோது காலை மடக்கவில்லை. வண்டிதான் நின்றது.

மாமா தேறினார். வீடு திரும்பும்போது தனியாக விட மறுத்து என் மனைவி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்த முதல் நாள், கூடத்தில் அவர் உட்கார்ந்ததும் காற்றாடியைப் போட்டேன்.

"வேணாம் மாப்ள."

சளி பிடிக்கும் என்கிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கோலாலம்பூர் வெக்கையில், ஜன்னலுக்கு வெளியே ரயில்கள் போய்க்கொண்டிருக்க, பனியன் நனைந்து முதுகோடு ஒட்ட, அவர் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். துறவு பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு வேர்க்கும் என்று எவரும் எழுதவில்லை.

"அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் மனைவி. நான்தான் அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"அது எனக்கு வந்தது மாப்ள. அவன் எடுத்துக்கிட்டான்."

"மாமா, அவருக்கு உங்களவிட ரொம்ப முடியாம இருந்துச்சு. எங்க படுத்திருந்தாலும்..."

"நீங்க எழுதுறவரு. எதுக்கும் ஒரு விளக்கம் கைவசம் வெச்சிருப்பீங்க" என்றார். என் கட்டுரைகளைப் பற்றி வந்த விமர்சனங்களில் மிகச் சரியானது அது.

கொஞ்ச நாள் கழித்து, தெலுக் பங்லிமா காராங்குக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தாதி மூலம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். போகிற வழியெல்லாம் மாமா உதடு அசைந்துகொண்டே வந்தது; சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. ஜாகாவின் மனைவி எங்களை உட்கார வைத்தார். மாமா யார் என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதானாண்ணே அது! போன்ல சொன்னாரு. பக்கத்துல இருக்கற அண்ணன் தனக்கு வந்த கட்டில எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு, ஃபேனுக்கு அடியில படுத்திருக்கேன், நல்லாக் காத்து வருதுன்னு. அதுதான் கடைசியா பேசுனது. நல்லா இருப்பீங்கண்ணே."

மாமாவின் உதடு அசைவது நின்றது.

"உங்களுக்கு வேர்க்குது பாருங்க" என்று அந்த அம்மாள் காற்றாடியை வேகமாக வைத்தார். வேண்டாம் என்று மாமா சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை அதற்கடியில் உட்கார்ந்திருந்தார்.

காரில் ஏறியதும் தன் பக்கத்து ஏசி வாயை மூடினார்.

"அந்தம்மா கும்பிட்டுச்சு மாப்ள."

"ம்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லி என்ன ஆவப்போவுது மாமா?"

"அதான்."

அடுத்த தடவை மூச்சு பிடித்தபோது, பக்கத்திலேயே மருத்துவமனை இருக்க, கிள்ளான் பக்கம்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். "நம்ம ஆஸ்பத்திரி கார்டு அங்கதான் இருக்கு." கார்டு எங்கேயும் செல்லும் என்று என் மனைவி கத்தினாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அவர் மூச்சை எண்ணியபடி ஓட்டினேன். அதை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதே வார்டு, அதே நடைபாதை, அதே கேன்வாஸ் கட்டில். அதே தாதி, இப்போது கால் வலியை ஒளிக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அண்ணே, தயவு செஞ்சு ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார். நான் வாயைக் கையால் மூடிக் காட்டினேன். முன்பைவிடத் தாதிகள் குறைவாகத்தான் தெரிந்தார்கள்.

கவுன்டர் கட்டில் காலியான அன்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரே கையைத் தூக்கினார்.

"மிஸ்ஸி, அத எனக்குக் குடுங்க."

"அங்கிள், போன தடவ வேணாம்னீங்களே?"

"போன தடவ எனக்குப் பதிலா ஒருத்தன் படுத்தான். இந்தத் தடவ நானே படுத்துக்கறேன்."

தாதி என்னைப் பார்த்தார், விளக்கம் ஏதும் வருமா என்று. நான் மாமாவின் பிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டிலில் மாமா காற்றாடியைப் பார்த்தபடி படுத்திருந்தார். வேர்வை காய்ந்து நான் அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. இன்னொன்றையும் அங்கே கண்டுபிடித்தார். கவுன்டரில் தாதிகளின் ஓயாத பேச்சு. யாருக்கு லீவு கிடைக்கவில்லை, யார் சிங்கப்பூர் போகிறாள், கரிபாப் பலகாரத்தில் கடைசித் துண்டைத் தின்றது யார். பேசிக்கொண்டே அவர்கள் கண் ஒன்று மாமா மேல் இருக்கும். அவர் விரல் அசைந்தால் ஒருவர் வந்து நிற்பார்.

"லோரி ஸ்டாண்டு மாதிரி இருக்கு மாப்ள" என்றார். "இவ்ளோ சத்தத்துலயா எல்லாரும் செத்தானுங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கும் கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும் மாமா." இதற்கு மட்டும் நான் விளக்கம் சேர்க்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, பணி மாறும் நேரம். வேலை முடிந்தவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது அங்கே வழக்கம். மாமாவின் காலடியில் நின்று தாதி சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "அங்கிள்?" என்றார். திரையை இழுத்தார்கள். நான் வெளியே நின்றேன். துணி உப்பியது, அடங்கியது.

பிறகு நான் அவருடைய பிளாஸ்க்கையும் செருப்பையும் கைலியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, தாதி மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவருகே ஒரு தள்ளுகட்டில் ஏற்கனவே காத்திருந்தது. அதில் கண் மூடி ஒருவர். அவர் கையைப் பிடித்தபடி அவருடைய மனைவி. அந்தப் பெண் நடைபாதைப் பேச்சைக் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, அந்தக் கட்டில்லயா உங்காளு இருந்தாரு?"

"ஆமாம்மா."

பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்தார். "இவர அங்க போடச் சொல்றாங்க. போடலாமாண்ணே?"

தாதி துடைப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"போடுங்கம்மா" என்றேன். "மிஸ்ஸிங்க பக்கத்துலயே இருப்பாங்க. ஃபேன் நல்லா ஓடும்."

அந்தப் பெண்ணின் கணவர் எழுந்து நடந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; தாதியின் எண் இருக்கிறது. கேட்கவில்லை. கூடத்தில் சுவிட்சின் மேல் விரல் நிற்கும்போது இப்போதெல்லாம் நான் காத்திருப்பது மாமாவின் குரலுக்கா, அந்தப் பெண்ணின் குரலுக்கா என்று எனக்கே நிச்சயமில்லை.