இருபது அடி தூரத்து அட்டை

எங்கள் கம்பெனியின் வெள்ளி விழாவுக்கு மலர் போட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே இருப்பவள் என்பதால் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார் மேனேஜர். இனிமையான நினைவுகளாக இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். 

மலரின் முதல் பக்கத்தில் வரும் கம்பெனி வரலாறு எனக்கு மனப்பாடம். முதலாளியின் அப்பா தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பைனாகுலர்களைப் பழுதுபார்த்த அண்ணாச்சி. மகன் நிலம் அளக்கும் கருவிகள் செய்தார். பிறகு திருச்செந்தூர் ரோட்டில், உப்பளங்களுக்குப் பக்கத்தில், கேமரா லென்ஸ் செய்யும் இந்த ஆலையைக் கட்டினார். அத்தனையும் உண்மை. உப்புக் காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து லென்ஸ் ஆலை கட்டிய புத்திசாலித்தனத்தைப் பற்றித்தான் ஒரு வரியும் கிடையாது. ஒரு பொடி உப்பு ஒட்டினாலும் லென்ஸில் கீறல் விழும். அதனால் நாங்கள் வாசலிலேயே முகம், கை கழுவி, தலைக்கு உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

என் வேலை பரிசோதனை மேசையில். மெருகேற்றி வரும் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துக் கீறல் பார்ப்பது. பக்கத்து நாற்காலியில் புன்னைக்காயலிலிருந்து பஸ்ஸில் வரும் என் சிநேகிதி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவளுக்குக் கிட்டப்பார்வை. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்வேன். ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு லென்ஸைப் பார்த்தாளென்றால், எங்களில் ஒருத்திக்கும் தெரியாத கீறல் அவளுக்குத் தெரியும்.

கண்ணாடி போட்டவர்கள் பரிசோதனை மேசையில் உட்காரக் கூடாது என்பது கம்பெனி விதி. ஊருக்கெல்லாம் லென்ஸ் செய்து விற்கிறவர்களுக்குத் தங்கள் ஆட்களின் மூக்கில் ஒரு லென்ஸ் இருந்தால் ஆகாது. வருடத்துக்கு ஒரு முறை கண் சோதனை வைப்பார்கள். இருபது அடி தூரத்தில் எழுத்து அட்டையை மாட்டி, கடைசி வரி வரை வாசிக்கச் சொல்வார்கள். நல்லவேளையாக வருடா வருடம் ஒரே அட்டை. அவளுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜெபம் மாதிரி அதை முணுமுணுத்து, ஒவ்வொரு வருடமும் தேறிவிடுவாள். அவள் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மாவும் தங்கைகளும் அவள் வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

ஒரு வருடம் சோதனைக்குப் பத்து நாள் முன்பு, நான் சரி என்று அனுப்பிய ஒரு லென்ஸ் தட்டை அவள் நிறுத்திவிட்டாள். "இதுல கீறல் இருக்குளா" என்றாள், சூப்பர்வைசர் நிற்பதைக்கூடப் பார்க்காமல். நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். மிஷினில் வைத்துப் பார்த்தார்கள், இருந்தது. எல்லோர் முன்னாலும் எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுக்குக் கள்ளங்கபடம் தெரியாது, கீறலைப் பார்த்தாள், சொன்னாள். அது தெரிந்தும் பத்து நாளும் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

சோதனையன்று முதலில் கூப்பிட்டது என்னை. உள்ளே போனால், அட்டை புதிது. என் கண் அப்போது நன்றாக இருந்தது, வாசித்துவிட்டு வந்தேன். வெளியே வரிசையில் அவள் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்.

"அதே அட்டைதானாளா?"

"அதேதான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. கொஞ்ச நேரம் அவளும் அவமானப்படட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். வேலை போகும் என்று நினைக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். விதி எனக்குத் தெரியும்.

பழைய அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாளாம். கண் பார்க்க வந்தவர் சிரித்தேவிட்டாராம். ஏமாற்றினாள் என்று எழுதி, அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு நான் சூப்பர்வைசர் ஆனேன்.

இப்போது மலருக்குப் பழைய குரூப் போட்டோ தேவைப்பட்டது. அது அவளிடம்தான் இருக்கும் என்று புன்னைக்காயலுக்குப் போனேன். இறால் கம்பெனியில் தோல் உரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். விரலெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். தேநீர் கொடுத்தாள், போட்டோவையும் எடுத்துக் கொடுத்தாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். மறுக்க முடியாமல் தாளை நீட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். "எங்களில் சிறந்தவர், குடும்பச் சூழல் காரணமாக வேலையை விட்டார்" என்று நான் எழுதியிருந்த வரி.

"நீ பொய் சொல்லுதன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ளா. பக்கத்துல நின்னுதான சொன்ன. பக்கத்துல உள்ளது எனக்கு நல்லாத் தெரியும்."

 தெரிந்தும் ஏன் அதையே போய் ஒப்பித்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு வேற எழுத்து என்னளா தெரியும்?" என்றாள். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

மலர் வந்துவிட்டது. வழவழப்பான தாளில் நல்ல அச்சு. அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.