வெள்ளிக்கிழமை இதயம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம். பின்னேரம் நாலு மணி வெயிலில் கடலின் வெளிச்சம் யன்னலால் வந்து கூரையில் விழுந்து நெளியும். தரையில் பாயைப் போட்டு அதைப் பார்த்தபடி கிடப்பது எனக்குப் பெரிய சுகம். பாதி நித்திரையில் கையிலிருக்கும் போனின் திரையைப் பார்ப்பேன். அதிலும் ஒரு பச்சைக் கோடு எழும்பி விழுந்து நெளிந்துகொண்டிருக்கும். அது அக்காவின் இதயம். எது கூரை, எது கடல், எது அக்கா என்று சில வேளைகளில் எனக்கே குழம்பிவிடும். ரயில் போகும்போது வீடு அதிர, மூன்றும் சேர்ந்து நடுங்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கான சின்னச் சின்னக் கருவிகளை யோசித்துச் செய்வதுதான் எங்கள் ஏழெட்டுப் பேரின் பிழைப்பு. வாட்டில் படுத்திருக்கும் நோயாளி கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தால் நேர்ஸை அழைக்கிற மெத்தை விரிப்பு, சேலைன் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிற கொக்கி, இப்படி. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கருவி பிழை விட்டால் கருவியைத் திட்டுவேன். மனிசர் பிழை விட்டாலும் கருவியைத்தான் திட்டுவேன், ஆனால் மனிசருக்குக் கேட்கிற மாதிரி. அங்கே எல்லாருக்கும் இது பழகிவிட்டது.

அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அத்தான் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். நான் கலியாணம் கட்டவில்லை, ஆகவே வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வருசத்திலிருந்து அவள் விழத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, மத்தியானப் பூசைக்குக் கோயிலுக்குப் போவாள். அங்கே நின்றபடியே மெல்லச் சரிவாள். யாராவது தாங்கிப் பிடித்து, தண்ணீர் தெளித்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். "பசி மயக்கமடி, வேறொண்டுமில்லை" என்பாள். ஒரு நாள் தூணில் தலை அடிபட்டு நெற்றி பிளந்து வந்தாள். இவளும் போனால் இந்த உலகத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

டொக்டரிடம் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து இதயத்தைப் படம் எடுத்தார்கள். நல்லாக இருக்கிறது என்றார்கள். விழுகிற அந்த நேரத்தில் எடுத்தால்தான் ஏதாவது தெரியும் என்றார் டொக்டர். அது எந்த நேரம் என்று இதயம் சொல்லிவிட்டா செய்கிறது? ஆகவே நானே ஒரு பட்டி செய்தேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற துணிப்பட்டி. உள்ளே இதயத்தின் துடிப்பைப் பதிகிற ஒரு வில்லை, ஆள் நிற்கிறாரா விழுந்தாரா என்று அறிகிற ஒரு சின்ன உணரி, ஒரு பற்றரி. பதிந்ததைத் தனக்குள்ளே வைத்திருக்கும். கிட்டத்தில் போன் இருந்தால் திரையில் கோடாகவும் காட்டும்.

அக்கா மறுப்பில்லாமல் கட்டிக்கொண்டாள். "இந்த நாய்ப்பட்டியைக் கழட்டிறது எப்ப?" என்று மட்டும் கேட்பாள். கிழமைக் கடைசியில் பதிவை எடுத்து நான் பார்ப்பேன். அவளுடைய இதயத்தின் எழுத்து எனக்குக் கைவந்துவிட்டது. நேராக உயர எழும்பும், விழும், பிறகு சோம்பலாக ஒரு சின்ன மேடு போடும். காலையில் எழும்பப் பஞ்சிப்படுகிற அக்காவேதான்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் கோயிலில் விழுந்தாள். அந்த வெள்ளிக்கிழமைப் பதிவை உடனே திறந்தேன். இதயம் மணிக்கூடு மாதிரி ஓடியிருந்தது. ஒரு தடங்கலும் இல்லை. விழுந்ததாகவே உணரி சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, குனிந்தாள், நிமிர்ந்தாள், நிலத்தில் தலை வைத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி தலை வைத்தாள் என்று என்னென்னவோ சொல்லியது. உணரி பழுது என்று கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பூட்டினேன். அடுத்த வெள்ளியும் அதே கூத்து. "சனியனே, உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று அதை மேசையில் எறிந்ததில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதிவைப் பார்த்த டொக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை, இனித் தலையைப் பார்ப்போம் என்று வேறொருவரிடம் அனுப்பினார். விழுந்தபோதும் இதயம் ஒழுங்காக ஓடியதற்கு என்னுடைய பட்டியே சாட்சி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறையாக வந்தது. நான் நன்றாக நித்திரை கொண்டு மத்தியானமளவில் எழும்பியபோது அக்கா தலைக்கு முழுகி, கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். விடுமுறை என்பதால் காலி வீதி என்கிற பெருந்தெருவின் இரைச்சலும் குறைவு. தேத்தண்ணியோடு யன்னலடியில் உட்கார்ந்து பழக்கத்தில் போனைத் திறந்தேன். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒரு மிடறு குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பட்டியின் குரல் ஒரு சுவர் தாண்டும், மிஞ்சினால் இரண்டு சுவர் தாண்டும். கோயில் எங்கள் ஒழுங்கையால் நடந்து காலி வீதியையும் தாண்டி அந்தப் பக்கம். அக்கா அங்கே நின்றால் இந்தக் கோடு எப்படி இங்கே ஓடும்?

போனைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் நடந்தேன். சமையலறையில் கோடு மங்கியது. விறாந்தைக்கு வரத் தெளிந்தது. கதவைத் திறந்து வெளியே போனேன், இன்னும் தெளிந்தது. பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவு திறந்திருந்தது. அங்கே இருப்பவரை நாங்கள் ராத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். அக்காவுக்கும் அவருக்கும் ஒரே வயது, கறிச்சட்டி மாற்றிக்கொள்கிற சிநேகம்.

ராத்தா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். வெள்ளைத் துணியால் தலையும் தோளும் மூடியிருந்தது. அவர் குனிந்தார். என் கையில் உணரி, குனிகிறது என்றது. அவர் நெற்றியை நிலத்தில் வைத்தார். திரையிலும் நிலம் வந்தது. அந்தக் கோடு உயர எழும்பி விழுந்து, பிறகு வட்டமாக, சுறுசுறுப்பாக ஒரு மேடு போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை இந்த மேட்டைப் பார்த்தும் இது அக்காவுடையதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை! கடல் காற்று கதவைத் தள்ளித் தள்ளி விட்டது. கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் கோபம் வரவில்லை. கனவுக்குள் நிற்பவள் போல அங்கேயே நின்றேன். ஒரு மனிசி தொழும்போது அவருடைய இதயம் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுது முடித்துத் திரும்பியவர் என்னையும் போனையும் கண்டார். "அல்லாவே!" என்று நெஞ்சில் கை வைத்தார். கோட்டில் துடிப்பு எகிறியது.

"கோவிக்க வாணாம் தங்கச்சி. ஒங்கட ராத்தாதான் கட்டச் சொன்னா. வெள்ளிக்கெழம மட்டும்தானே எண்டு கட்டினேன். ஏன், எனக்கும் ஏதும் வருத்தமா?"

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குதிரை மாதிரி இருக்கிறீங்கள். அதுதான் பிரச்சினை" என்றேன்.

அக்கா விபூதியும் பூவுமாக வந்து சேர்ந்தபோது கோபமும் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. கத்தினேன். ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். அவள் பூவைத் தட்டில் வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்.

"விரத நாளில முழுகிப்போட்டு அந்தத் தோயாத சாமானை எப்பிடியடி கட்டிறது? கிழமை முழுக்க வேர்த்தது. அதோட சாமிக்கு முன்னால போய் நிக்கேலுமே?"

"அப்ப கழட்டி வைச்சிருக்கலாமே! ஏன் அந்த மனிசிக்குக் கட்டினனி?"

"பதிவு வெறுமையா இருந்தா நீ துள்ளுவாய். பாவம், கஷ்டப்பட்டுச் செய்தனி எண்டுதான்."

என் மனம் நோகக்கூடாது என்று இன்னொருத்தியின் இதயத்தை எனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறாள்! உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரனுக்கு இது தோன்றும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அவள் விழுந்த நேரத்தில் அவளுடைய இதயம் என்ன செய்தது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் தொடங்கி நான் வேறொன்றும் செய்யவில்லை. முழுகக்கூடிய பட்டி ஒன்று வேண்டும். அவளோடு சேர்ந்து தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும், மஞ்சள் தண்ணீரில் கிடக்க வேண்டும், பிறகும் வேலை செய்ய வேண்டும். துணியை எறிந்துவிட்டு றப்பர் போன்ற மெல்லிய பசைக்குள் எல்லாவற்றையும் ஊற்றி மூடினேன். முதலாவது தண்ணீர் குடித்துச் செத்தது. இரண்டாவது அவளுடைய தோலைச் சிவக்க வைத்தது. கொட்டாஞ்சேனை மேல்மாடியில் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு வாளித் தண்ணீரில் பட்டியைப் போட்டுவிட்டுப் பார்த்திருப்பேன். தண்ணீருக்குள் ஒரு இதயம் காத்திருப்பதாகத் தோன்றும். அந்த நாட்களில் அவளைக் கோயிலுக்குத் தனியே விடவில்லை. ராத்தா கோயில் வாசலில் போய் நிற்பார், அக்கா வெளியே வரும்வரை.

மூன்றாவது பட்டி தப்பிப் பிழைத்தது. வெள்ளிக்கிழமை காலை அக்கா அதையும் சேர்த்து முழுகினாள். கட்ட முன்னர் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து ஒரு பூவும் வைத்தாள். நான் லீவு போட்டுவிட்டு அவளோடு கோயிலுக்குப் போனேன்.

மண்டபத்தில் நல்ல சனம். சாம்பிராணிப் புகை, புழுக்கம், ஈரத் தலைமுடிகளின் மணம். திரை விலகியது. மணி அடிக்கத் தொடங்கியது. எல்லாருடைய கைகளும் தலைக்கு மேல் போயின, என்னுடைய இரண்டு கைகளிலும் போன் இருந்தது. ஐயர் தீபத்தை மெல்லச் சுற்றினார். என் திரையில் அந்தச் சோம்பல் மேடு வந்தது. மறுபடி வந்தது. பிறகு வரவில்லை.

கோடு நேராக ஓடியது. அப்படி ஒரு கோட்டை நான் வாட்டுகளில் கண்டிருக்கிறேன், அதன் பிறகு யாரோ திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் தோளில் அக்காவின் பாரம் மெல்ல மெல்லச் சாய்ந்தது. "அக்கா!" என்று கத்தினேன். அவளைப் பிடித்து இருத்திக் கன்னத்தில் தட்டினேன். "எடி அக்கா, வாடி, வா!" என் வாழ்நாளில் அவளை எடி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோட்டில் ஒரு சின்ன அசைவு. பிறகு ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று.

அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தில் பயம் இல்லை, நோவும் இல்லை. பிள்ளை நித்திரையால் எழும்பின மாதிரி இருந்தாள்.

"ஏனடி கூப்பிட்டனி?" என்றாள்.

டொக்டர் அந்தப் பதிவை நீண்ட நேரம் பார்த்தார். இதயம் இடையில் நின்றுவிடுகிறது என்றார். இதுவரை திரும்பி வந்தது, ஒரு நாள் வராமல் விடலாம். தோளுக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் ஒன்று வைக்க வேண்டும், இதயம் நிற்கப் பார்த்தால் அது தட்டி எழுப்பும். டொக்டர் சிங்களவர், நான் சிங்களத்திலேயே நன்றி சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்த பிறகு சொன்னாள்.

"உனக்கு நான் சொல்லேல்லை. அந்த நேரம் ஒரு சத்தமும் கேக்காது. தீபம் மட்டும் பெருசாகி, பெருசாகி, எல்லாம் வெளிச்சமாப் போகும். எனக்கு ஒரு கவலையும் இருக்காது. அத்தான் செத்தது, வயசு போனது, ஒண்டும் இராது. நான் நினைச்சன், சாமி கிட்ட வாறார் எண்டு."

அவள் கையை நீட்டி என் முழங்காலில் வைத்தாள்.

"வைக்கத்தான் வேணுமே?"

"நீ செத்துப்போவாய் அக்கா."

"ஓம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வைப்பம். நீ தனிய இருந்து ஆரோட சண்டை பிடிப்பாய்?" என்றாள்.

வைத்தார்கள். காயம் ஆறியதும் வந்த வெள்ளிக்கிழமை அவள் முழுகி வெளிக்கிட்டாள். நானும் போனேன். போனைப் பைக்குள்ளே வைத்துவிட்டேன், இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை. திரை விலகியது, மணி அடித்தது, தீபம் சுற்றியது. அவள் கைகளைத் தலைக்கு மேல் கூப்பியபடி ஆடாமல் அசையாமல் நேராக நின்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கண்கள் திறந்திருந்தன, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, நோகுதே?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். "இண்டைக்கு அது வெறும் கற்பூரமடி" என்றாள்.

சனம் விபூதி வாங்க முன்னால் நகர்ந்தது. நான் அவளை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய நெஞ்சு என் நெஞ்சில் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். அவளுக்குப் போதாது.