வெட்டாமல் நின்ற கரும்பு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் சின்னாத்தாளின் கரும்பை வெட்ட வந்தவர்கள், சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்கள். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, எங்கள் தோட்டத்தை ஒட்டி, அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாகப் பாடுபட்டவர். வாய் கொஞ்சம் நீளம். கரும்பு ஏற்ற வரும் டிராக்டர் வரப்பில் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டால், ஓட்டியவரின் பாட்டனார் வரை விசாரித்துவிடுவார்.

வெட்டுக்காரர்கள் வாய்க்கால் கரையில் காய்ந்த கரும்பு இலையான சோகையால் குடிசை போட்டுக்கொண்டார்கள். ஒரு தோட்டம் முடிந்ததும் குடிசையைப் பிரித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்த இடம் எதுவென்று ஆலைக்காரர்கள் சொல்லும்வரை மேஸ்திரிக்கே தெரியாது.

வெட்டு பாதி நடந்துகொண்டிருக்கும்போது புயல் அவர்களுடைய ஊர்களை அடித்துப் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆண்களில் பலர் உடனே பஸ் ஏறினார்கள். கலியமூர்த்தியும் போனார். அவர் மனைவி பூங்காவனம் இங்கேயே இருந்தாள். மகளையும் கைக்குழந்தையான மகனையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தவள்.

அன்று சாயங்காலம் அவள் சின்னாத்தாளிடம் வந்தாள்.

"அம்மா, இந்தக் கொல்லை இன்னும் எத்தினி நாளு தாங்கும்?"

"உங்க வேகத்துக்கு மூணு நாள். ஏன், என்ற தோட்டம் கசக்குதா?"

"அதில்லம்மா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இந்தக் கொல்லைக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நாங்க வேற ஊருக்குப் போயிட்டா எங்கன்னு தேடுவாரு? எழுதப் படிக்கவும் தெரியாது."

சின்னாத்தாள் மறுநாள் காலையில், இன்னும் அரை ஏக்கர் நிற்கும்போதே வெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஆலையின் பீல்டுமேன் லட்சுமணசாமி வண்டியில் வந்து இறங்கினார்.

"ஏனுங்கக்கா, நடுவுல நிறுத்துனா எப்படிங்க?"

"அந்தப் பக்கம் இன்னும் முத்துலீங்க."

"ஒரே நாள்ல நட்ட கரும்புங்க. அந்தப் பக்கம் மட்டும் பச்சக் கொழந்தைங்களா?"

"கடிச்சுப் பார்த்துப்போட்டுச் சொல்லுங்க. பல்லு இருக்குதில்ல?"

அவர் கடித்துப் பார்க்கவில்லை. ஆனால் வெட்டு ஆட்களைச் சும்மா வைத்திருக்க முடியாது என்றார். அப்போது பக்கத்துத் தோட்டத்துப் பாலகோபால்தான் முன்னால் வந்தார். "எங்கதை இப்பவே வெட்டிக்கட்டுங்க. ஆளுங்க குடிசை இங்கயே இருக்கட்டும்" என்றார். அவருடைய முறை வர இன்னும் நாள் இருந்தது. அவர் சொல்லி, சுற்றியிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் முறையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

டவுனில் வளையல் கடை வைத்திருந்த பாத்திமுத்து, தன் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய சட்டி பானைகளையும் சேலைகளையும் ஒரு வேனில் கொண்டுவந்து இறக்கினார். "ஊட்டையே தண்ணி கொண்டுபோயிருச்சுன்னா, வந்து எதுல ஆக்கித் திம்பாங்க?" என்றார்.

போனவர்கள் மிச்சமிருந்த குடும்பத்தோடு திரும்பி வந்தார்கள். வாய்க்கால் கரையில் குடிசைகள் கூடின. கலியமூர்த்தி மட்டும் வரவில்லை. வாய்க்கால் பாலத்தில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூங்காவனம் கத்தியோடு நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு குனிந்துகொள்வாள்.

தை பிறந்துவிட்டது. சுற்றிலும் வெட்டி முடிந்த வெற்று நிலம். நடுவே சின்னாத்தாளின் அரை ஏக்கர் மட்டும் வெள்ளையாகப் பூவெடுத்து நின்றது. லட்சுமணசாமி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சத்தெல்லாம் பூவுக்குப் போயிருச்சுங்கக்கா. இனி இது கரும்பில்ல, வெறகு."

"எங்கூட்டு அடுப்புக்கு வெறகு வேண்டாமுங்களா?"

அப்படிச் சொன்னாலும், அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அடுத்த நடவுக்கு விதைக்கரணை எடுக்கவும் அதைத்தான் நம்பியிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நண்பகல், கலியமூர்த்தி வரப்பில் நடந்து வந்தார். கையைப் பிடித்தபடி மகள். பூங்காவனம் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டாள். தூக்கியபடியே பாலத்துப் பக்கம் பார்த்தாள்.

"தம்பி எங்கடி? ஆயா எங்க?"

"ஆயாதாம்மா தம்பியத் தூக்கிக்கிட்டு எம்பின்னாடி வந்துச்சு. தண்ணி வந்துடுச்சும்மா."

இருவரையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. உடலாவது கிடைக்குமா என்று ஊர் ஊராகத் தேடியதில்தான் கலியமூர்த்திக்கு இத்தனை நாளாகிவிட்டது. கிடைக்கவில்லை.

பொழுது சாயும்வரை சின்னாத்தாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பூங்காவனத்தின் தலை.

மறுநாள் கரும்பை வெட்டச் சொன்னார். ஆலை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்து மாடுகளுக்குப் போனது. "நீங்க எங்கீயும் போக வேண்டாம். மோட்டார் ரூமை ஒழிச்சுத் தாரேன், இங்கயே இருங்க" என்று மூவரையும் அங்கே குடிவைத்தார்.

பிறகு, அதுவரை காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள்.

மடை திறந்த சத்தம் கேட்டதும் குழந்தை அலறிக்கொண்டு அப்பாவின் தோளில் ஏறியது. இறங்கவே இல்லை. சோறு ஊட்டினால் துப்பியது. மோட்டார் ரூமும் வாய்க்காலை ஒட்டித்தான் இருந்தது. கதவைச் சாத்தினாலும் சத்தம் கேட்டது. சின்னாத்தாள் சன்னலில் சாக்கை அடைத்துப் பார்த்தார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் அவரே மேஸ்திரியிடம் போனார்.

"இவங்களை வாய்க்கால் இல்லாத எடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ."

மேட்டு நிலத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒன்று அமைந்தது. டிராக்டரில் பாயும் பானையும் ஏறின. ஏறிய பிறகு பூங்காவனம் குனிந்து சின்னாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா திரும்ப எப்பம்மா வரட்டும்?"

"தண்ணி நிறுத்துனதும் ஆள் உட்டுச் சொல்றேன். அப்ப வா கண்ணு."