செத்த முந்திச் சொன்ன ரைட்

நேற்று எங்கள் மில் வாசலில் பஞ்சு லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. கிளீனர் "ஹோல்டான்... ஹோல்டான்..." என்று நிறுத்தினார். குனிந்து சக்கரத்தடியில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். பிறகு லாரியைப் பலமாகத் தட்டி "ரைட்" என்றார். ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த என் வலது கட்டைவிரல் பேப்பர் கப்பை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டது. டீ முழுக்கச் சட்டையில். நாற்பதை நெருங்குகிற ஆள், நூல் டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளர், பச்சைப்பிள்ளை மாதிரி மேலெல்லாம் கொட்டிக்கொண்டு நிற்கிறேன். இதற்கெல்லாம் காரணம் செல்வின் என்று சொன்னால் அந்தக் கிளீனருக்கு என்ன புரியும்? உங்களிடம் சொல்லலாம்.

செல்வின் என்னோடு கல்லூரியில் படித்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். அவன் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். நான் மகாராஜபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வந்து, ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். ஒரு கட்டில், ஒரு டிவி, யாரோ விளையாடிச் சலித்து விற்ற வீடியோ கேம் பெட்டி. சட்டையில் எப்போதும் பஞ்சுத் தூசியின் வாசம். மிஷின் ஓடுகிற இடத்தில் பேச்சு எடுபடாது, மெஸ்ஸில் சாப்பிடுகிற வாய்க்குப் பேச நேரமிருக்காது. ஒரு வாரத்தில் நான் பேசுகிற பேச்சைக் கூட்டினால் போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம். ஞாயிறு மதியம் மட்டும் விதிவிலக்கு. செல்வின் சர்ச்சுக்குப் போய் வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, அவன் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து எனக்குப் போன் போடுவான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அவன் அங்கேயும் நான் இங்கேயுமாக, இன்டர்நெட் வழியாக விளையாட்டின் ஒரே காட்டுக்குள் இறங்கி ராட்சத மிருகங்களை வேட்டையாடுவோம்.

அதில் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் கொம்பன். வீட்டளவு உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. அதைச் சும்மா வெட்டினால் வாள் தெறித்துவிடும். அது பாய்ந்து குத்த வரும்போது, கொம்பு மேலே படுகிற அந்தக் கணத்தில் பட்டனை அமுக்கினால், நம் வாள் கொம்பை வழுக்கிவிட்டு அதன் கழுத்தில் இறங்கும். இதற்குத்தான் கவுண்டர் என்று பெயர். கண் சிமிட்டும் நேரம் முந்தினாலும் செத்தோம், பிந்தினாலும் செத்தோம். நான் எப்போதும் முந்துகிற ஜாதி. எங்கள் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினாலே, அவர் வாயைத் திறக்குமுன் "சாரி சார்" சொல்லிவிடுகிறவன் நான்.

செல்வின்தான் வழி கண்டுபிடித்தான். அவன் வில்லை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பான். கொம்பன் என்னைப் பார்த்துக் காலைத் தேய்க்கும்போது அவனுடைய அப்பாவின் குரலில், "ஹோல்டான்... ஹோல்டான்..." என்பான். அது பாய்ந்து வரும். "ரைட்!" நான் அமுக்குவேன். வாள் இறங்கும். அவன் பஸ் விசில் மாதிரியே ஒரு விசில் அடிப்பான். உலகத்தில் ஒருத்தன் எனக்கு மட்டும் "கொஞ்சம் பொறு" என்று சொல்வதைக் கேட்கத்தான் ஆறு நாளும் காத்திருந்தேன். கூடவே, கை தேறிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

செல்வினுக்கு ராணுவத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின ஞாயிறு, ஒரு பொட்டலம் காராச்சேவோடு என் அறைக்கே வந்தான். முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினோம். அவன் "ரைட்" என்றான், நான் அமுக்கினேன், கொம்பன் என்னைக் குத்தித் தூக்கி எறிந்தது. மறுபடி ரைட், மறுபடி குத்து. ஐந்தாவது தடவை நான் செத்துக் கிடந்தபோது அவன் காராச்சேவு மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏலே, தப்பு எம்மேலதான்," என்றான். "போன்ல என் சத்தம் ஒனக்கு லேட்டா வரும். அதனால ஒனக்குன்னு செத்த முந்தியே ரைட்டு சொல்லிப் பழகிட்டேன். இப்பப் பக்கத்துல இருந்தும் அப்படியே வருது."

"எம்புட்டு நாளா?"

"மொதல்ல இருந்தேதான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை ஞாயிறும் என் கை என்று நினைத்தது, அவன் கொஞ்சம் முந்திச் சொன்ன கணக்கு. சரியான நேரத்தில் சொல்லப் பார்த்தான். நாக்கு பழக்கத்தை விடவில்லை. "நான் போன பொறவு யாரு சொல்லுவா? நீயாப் பாத்து அடி," என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை ஒரு வெட்டுகூட எனக்குச் சரியாக விழவில்லை. பஸ் ஸ்டாண்டில் "வாரேம்லே" என்று ஏறினான். கண்டக்டர் ரைட் சொன்னார்.

அதன் பிறகு ஞாயிறுகளில் நானும் கொம்பனும் மட்டும். கொம்பையே பார்த்தால் பயம்தான் வரும், முன்னங்காலைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆனது. தேய்க்கிற கால் சட்டென்று நிற்கும். நின்றதும் ஒரு மூச்சு இழுத்து, பாதி விட்டு, அமுக்க வேண்டும். பிந்தினேன், முந்தினேன், தரையில் கிடந்து அதன் குளம்படியை எண்ணினேன். நாலாவது வருஷம் ஒரு மதியம், மேலே ஒரு கீறல்கூடப் படாமல் அதைச் சாய்த்தேன். அறையில் தனியாக எழுந்து நின்றேன். சொல்ல ஒரே ஒரு ஆள்தான்.

இரண்டாம் தடவை போன் போட்டபோது செல்வின் எடுத்தான். வடக்கே ஏதோ ஊர். பின்னால் குழந்தை அழுதது. "கொம்பனைத் தனியாச் சாச்சுட்டேம்லே," என்றேன். பதில் வரவில்லை. லைன்தான் லேட்டாகிறது என்று காத்திருந்தேன்.

"எந்தக் கொம்பன்?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், குழந்தை, இடமாற்றம், எதிரே நிஜத் துப்பாக்கி. ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன் என்றேன். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

அந்த மாடி அறையை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் வசதியை அந்த விளையாட்டிலேயே எடுத்துவிட்டார்கள். நேற்று டீக்கறையைக் குழாயில் கழுவிக்கொண்டு, லாரி உள்ளே போவதைப் பார்த்து நின்றேன். இப்போதெல்லாம் கொம்பன் என்னிடம் ஒரு பூனைக்குட்டி, யார் துணையும் வேண்டாம். ஆனால் எங்கே யார் "ரைட்" என்றாலும் விரல் அமுங்கிவிடுகிறது. எனக்கென்று செத்த முந்திச் சொல்லத்தான் ஆள் இல்லை.