பென் டிரைவில் போன மனு

திருப்பரங்குன்றத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை கேட்டுப் போனபோது கடைக்கார அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியும்ணே."

ஆன் பண்ணத் தெரியும். அதையும் எங்கே அமுக்குவது என்று தேட அரை நிமிடம் ஆனது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "இம்புட்டுத் தெரிஞ்சா போதும். கடையக் கூட்டி, ஜெராக்ஸ் போடு. மத்தது தானா வரும்" என்றார்.

அதற்கு முன்னால் கர்நாடகாவில் போர்வெல் வண்டியில் இருந்தேன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்றரை வருடம். கடைசியாகப் பரவை மார்க்கெட்டில் சுமை இறக்கினேன். அங்கே தக்காளிப் பெட்டி அடுக்கு சரிந்து இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது. மூட்டை தூக்க முடியாத கைக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் தோது என்று அங்கே ஒருவன் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவன். தமிழ் வாசிப்பேன், மெதுவாக.

அண்ணன் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சொற்களை எனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தேன். கர்சர் என்பது துடிக்கிற கோடு, அது நிற்கிற இடத்தில்தான் எழுத்து விழும். கட் என்றால் மூட்டையை இந்த லாரியிலிருந்து இறக்கி அந்த லாரியில் ஏற்றுவது. காப்பி என்றால் மூட்டை இங்கேயே இருக்கும், அதே மாதிரி இன்னொன்று அங்கே போகும். கம்ப்யூட்டருக்கு மறதி அதிகம், சேவ் கொடுத்தால்தான் நினைவில் வைக்கும். ஃபாண்ட் என்பதற்கு எதிரே, 'எழுத்தின் சட்டை. எதைப் போட்டாலும் ஆள் ஒன்றுதான்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். மற்ற வரிகளைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு அக்கா கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கீழக்குயில்குடி தாண்டி ஊர். பரம்பரையாகக் கூலிக்குப் போன குடும்பம். அவரும் கணவரும் பாடுபட்டு முக்கால் ஏக்கர் வாங்கியிருந்தார்கள். கணவர் இறந்துவிட்டார். முன்பக்க நிலத்தைப் புதிதாக வாங்கியவர் வண்டிப்பாதையை மறித்துக் கல் ஊன்றி, கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். உள்ளே கடலை முற்றிக்கொண்டிருந்தது. வண்டி போக வழியில்லை.

தாலுகா ஆபீஸில் முதல் விசாரணை முடிந்திருந்தது. சொல்வதையெல்லாம் எழுத்தில் கொடுக்கச் சொல்லி, மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எதிராளி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் இந்த அக்காவிடம் தாள் இல்லையென்றால் எதிராளியின் தாளை வைத்துத்தான் முடிவு.

அக்கா ஒரு மணி நேரம் சொன்னார். பாதை எந்த வேப்பமரத்தில் தொடங்கும், எந்தக் கிணற்றை ஒட்டித் திரும்பும், எந்தெந்த வருடம் யாருடைய மாட்டுவண்டி அதில் போனது, சாட்சிக்கு யார் உயிரோடு இருக்கிறார்கள். அண்ணன் கேட்கக் கேட்க அடித்தார். டைப்ரைட்டர் காலத்துக் கை. தாளில் எழுதிப் பார்ப்பதெல்லாம் கிடையாது, நேரே கம்ப்யூட்டரில்தான். இரண்டு பக்கம் வந்தது. பிரிண்ட் கொடுத்தால் எழுத்து மங்கி, பாதித் தாள் வெள்ளையாக வந்தது. பிரிண்டருக்குள் போடுகிற மைப்பொடி, டோனர், தீர்ந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில டோனர் வந்துரும். நான் பொண்ணப் பரிட்சைக்குக் கூட்டிட்டுத் திருச்சி போறேன். இவன் எடுத்துக் குடுப்பான்" என்றார் அண்ணன்.

அக்கா என்னையும் என் விரலையும் பார்த்தார். "இந்தத் தம்பியா?"

"திறந்து பிரிண்ட் குடுக்கணும். அம்புட்டுத்தானே."

மறுநாள் டோனர் பதினொன்றே காலுக்குத்தான் வந்தது. அக்கா ஒன்பது மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் டோனரை மாட்டி, ஃபைலைத் திறந்து, பிரிண்ட் என்ற இடத்துக்கு மவுஸைக் கொண்டுபோன நேரம் ஃபேன் நின்றது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. கம்ப்யூட்டர் அதில் ஓடும். பிரிண்டர் ஓடாது.

"என்ன தம்பி?"

"கரண்டு போயிருச்சுக்கா. வந்துரும்."

எதிர் டீக்கடையிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "எங்கிட்டு வரும்? சாயங்காலம் வரைக்கும் கட்டு. பேப்பர்ல போட்டிருந்தான்ல, பாக்கலயா மாப்ள?"

எங்கள் யூபிஎஸ் பழையது. ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். அண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். டிராயரில் பென் டிரைவ் கிடந்தது. அதைச் செருகினேன். காப்பி, பேஸ்ட். மூட்டை இங்கேயும் இருக்கும், அங்கேயும் போகும். பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்து முடிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் ஒரே நீளமாகக் கத்திவிட்டு நின்றது. திரை கறுத்தது.

"போயிருச்சா?" என்று அக்கா எழுந்துவிட்டார்.

"இதுக்குள்ள இருக்குக்கா" என்று பென் டிரைவைக் காட்டினேன். அவர் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை. என் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் வேப்பமரமும் கிணறும் இருக்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்?

ரயில்வே கேட் பக்கம் ஒரு பத்திரிகைக் கடையில் ஜெனரேட்டர் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. எங்கள் அண்ணனுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் ஆகாது. ஆனாலும் ஓடினோம். அக்கா எனக்கு முன்னால் ஓடினார்.

"வாங்க மாப்ள. உங்கண்ணன் கடையில கரண்டு கட்டா? எங்க கரண்டு இனிக்குதாக்கும்" என்றபடி, அக்கா பாதையை மறித்த கதையைச் சொல்லக் கேட்டுக்கொண்டே அவர் பென் டிரைவை வாங்கிச் செருகினார்.

ஃபைல் திறந்தது. ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகள், தலையில் கோடும் புள்ளியும் வைத்த எழுத்துகள், நடுநடுவே அடைப்புக்குறிகள். இரண்டு பக்கமும் அப்படியே.

"இது என்ன பாஷை மாப்ள? வெளிநாட்டுக்கு மனுப் போடுறீகளா?"

அக்கா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கிலீசா தம்பி? நான் தமிழ்லதான சொன்னேன்?"

வரும் வழியில் வெயில் பட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன், மீன் மாதிரி. பென் டிரைவைக் கையில் இறுக்கிப் பிடித்ததால் இருக்குமோ என்றும் நினைத்தேன்.

கடைக்காரர் திரையின் மேலே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். "இந்தா, ஃபாண்டு பேரு. இது என் சிஸ்டத்துல இல்ல. உங்கண்ணன் எந்தக் காலத்து ஃபாண்ட வச்சு அடிக்கிறாரு? இந்த ஃபாண்டு இருந்தாத்தான் இது தமிழாத் தெரியும். இல்லாட்டி இப்பிடித்தான்."

"வேற எதையாவது போடுங்கண்ணே. ஃபாண்டு எதுவா இருந்தா என்ன?"

"எவன் சொன்னது?"

நான் சொல்லவில்லை. என் நோட்டுதான் சொன்னது.

"இதே வகையில வேற ஏதாவது என்கிட்ட இருந்தா உக்காரும். ஒண்ணு ஒண்ணாத்தான் பாக்கணும். தமிழ் ஃபாண்டே நூறுக்கு மேல கெடக்கு" என்றார். நெட்டில் இறக்கலாமா என்று கேட்டேன். கரண்டு போனதோடு நெட்டும் போய்விட்டதாம்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தெட்டு. தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் ஏழெட்டு நிமிடம்.

"கையில எழுதிக் குடுத்துருவமா தம்பி? நான் சொல்றேன்" என்றார் அக்கா.

நேற்று ஒரு மணி நேரம் சொன்னது. நான் ஒரு வரி எழுத ஒரு நிமிடம் ஆகும். என் எழுத்தை நானே மறுநாள் வாசிக்க முடியாது. "கொஞ்சம் பொறுங்கக்கா" என்றேன்.

கடைக்காரர் மொத்தத்தையும் செலக்ட் பண்ணினார். இரண்டு பக்கமும் கறுப்புப் போர்வை போர்த்திய மாதிரி ஆனது. ஒரு ஃபாண்ட்டை அமுக்கினார். கட்டம் கட்டமாக வந்தது. அடுத்தது. பூவும் இலையும் வந்தன. அடுத்தது, அடுத்தது. பத்திரிகை அடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் பின்னால் நின்று, "அண்ணே, எங்க பத்திரிகை புரூப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "இருங்கய்யா, இந்தம்மாவுக்கு வழியே அடைச்சுக் கெடக்கு" என்றார் அவர். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

பதினொன்று நாற்பத்தைந்து. இன்னொன்றை அமுக்கினார். திரை முழுக்கத் தமிழ்.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். "போடுங்கண்ணே, போடுங்க."

பிரிண்டர் உறுமியது. முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் சூடாக வந்து விழுந்தன. நான் அள்ளி அக்கா கையில் கொடுத்து, "ஓடுங்க" என்றேன்.

அக்கா ஓடவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், 'இப்படிக்கு' வரவேண்டிய இடத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எம் பேரு இல்லையே."

"நேரமாச்சுக்கா..."

"எம் பேரு எனக்குத் தெரியும். மகளிர் குழுவுல கையெழுத்துப் போடுறவ நான். அஞ்சு எழுத்து. இதுல ஏழு இருக்கு. மொத எழுத்தே வேற."

அப்போதுதான் வாசித்தேன். எழுத்தெல்லாம் தமிழ் எழுத்து. சொல் ஒன்றுகூடச் சொல் இல்லை, ஃபாண்ட் வேறு வகை. ககரத்துக்குப் பதில் வேறொன்று, கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால். தூரத்திலிருந்து பார்த்தால் மனு. கிட்டே போனால் ஒன்றுமில்லை. அதைத்தான் தாசில்தாரிடம் கொடுக்க அனுப்பியிருப்பேன்.

"நீ படிச்சுப் பாக்கலயா தம்பி?" அக்கா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்லக்கா."

கடைக்காரர் மறுபடி ஃபாண்ட் பட்டியலுக்குப் போனார். இந்தத் தடவை கடைசிப் பக்கத்தின் அடியைத் திரையில் வைத்துக்கொண்டு அமுக்கினார். அக்கா மேசைமேல் குனிந்து நின்றார். ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்றார். "இல்ல. இல்ல. இது கிட்ட வருது, ஆனா இல்ல." நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"நில்லு" என்றார் அக்கா. "இதுதான்."

நான் மேலே போய் முதல் வரியிலிருந்து, அக்கா சொன்ன சொற்களைத் தேடித் தேடி வாசித்தேன். வேப்பமரம் இருந்தது. கிணறு இருந்தது. சாட்சிகள் இருந்தார்கள். பிரிண்ட் வரும்போது பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஆபீஸ் வராந்தாவில் எதிராளி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, இன்னைக்காவது பேப்பர் இருக்கா?" என்றார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "இருக்குய்யா. எம் பேரோட இருக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். இருபது நிமிடம் கழித்து வந்தார். மனுவை வாங்கிக்கொண்டார்களாம், முழுதும் வாசித்தார்களாம், இடத்தை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்களாம். மறுபடி ஒரு தடவை, "எல்லாத்தையும் வாசிச்சாங்க தம்பி" என்றார்.

சாயங்காலம் அண்ணன் போன் போட்டபோது நடந்ததைச் சொன்னேன். "ஃபாண்டு எதுவா இருந்தா என்னன்னு எவண்டா உனக்குச் சொன்னான்?" என்று கத்தினார். "நானே எழுதி வச்சதுண்ணே" என்றேன். அப்புறம் நோட்டை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, 'ஃபாண்ட்: ஃபைல் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போக வேண்டியது' என்று எழுதினேன். அது அவ்வளவு நன்றாக இல்லை.

கடலை பிடுங்குகிற சமயத்தில் அக்கா மறுபடி வந்தார். கையில் ஓர் உத்தரவுத் தாள். கல்லைப் பிடுங்கிவிட்டார்கள், டிராக்டர் போகிற அகலம் விட்டிருக்கிறார்கள் என்றார். இரண்டு ஜெராக்ஸ் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அசல் ஒன்று, நகல் இரண்டு, மூன்றிலும் தன் பெயரைத் தேடி விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் வைத்தார்.